நாற்காலியைப் பாருங்கள், அப்புறம் தண்ணீர் பாட்டிலை

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மூன்றாம் சீசனின் மூன்றாவது எபிசோடில், டைவின் லானிஸ்டர் கூட்டும் ஆலோசனைக் காட்சிக்கு வாருங்கள். ஒலியை அடைத்துவிடுங்கள். நஷ்டமில்லை, ஆரம்பத்தில் யாரும் பேசப்போவதில்லை. நீள மேசையின் தலைமாட்டில் டைவின். மற்ற நாற்காலிகளெல்லாம் ஒரே பக்கம் வரிசையாகக் கிடக்கின்றன. லிட்டில்ஃபிங்கர் முந்திக்கொண்டு டைவினுக்கு அடுத்த இடத்தைப் பிடிக்கிறான். செர்சி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், மறுபக்கம் அப்பாவை ஒட்டிப் போட்டு உட்காருகிறாள். கடைசியில் டிரியன். அவன் வரும்போது மட்டும் ஒலியைத் திறந்துகொள்ளுங்கள். தரையில் கிறீச்சென்று நாற்காலியை இழுத்துக்கொண்டே போய், மேசையின் மறுமுனையில், அப்பாவுக்கு நேர் எதிரே போடுகிறான்.

ஒரு வசனம் இல்லாமல் யாருக்கு யார் எவ்வளவு என்று முடிந்துவிட்டது. இந்தத் தொடரை ரசிக்க டிராகன் பறப்பதைவிட இதுதான் நல்ல நுழைவாயில்.

எங்கள் ஆலங்குளம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோயில் கொடையில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1798இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனையும் அவரது அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே பேசினார். கிஸ்தி பாக்கியில் பெரும்பகுதியை ஏற்கெனவே கட்டியாகிவிட்டிருந்தது. அப்படியும் நாற்காலி இல்லை. அடுத்த வருஷம் கயத்தாறில் முடிந்த கதையை நாம் வரிச் சண்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மூன்று மணி நேரத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

அடுத்து பார்க்க வேண்டியது, ராஜாவுக்குப் படை எங்கிருந்து வருகிறது என்பதை. விஸ்வநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தபோது செய்த ஏற்பாடு எளிமையானது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்குக் கப்பம், ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி பாளையக்காரருக்கு. நமக்குப் பக்கத்து ஊத்துமலையும் அப்படி ஒரு பாளையம்தான். பின்னாளில் அது ஜமீனாகி, வீரகேரளம்புதூரில் அரண்மனையோடு இருந்தது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தது அந்த ஜமீன்தான். தொடர் நடக்கிற வெஸ்டரோஸின் பிரபுக்களும் இதே கணக்குதான். அரசனுக்கென்று பெரிய நிரந்தரப் படை கிடையாது. பிரபுக்கள் ஆள் அனுப்பினால் படை, அனுப்பாவிட்டால் வெறும் கிரீடம்.

இந்தக் கண்ணோடு மூன்றாம் சீசனை மறுபடி பாருங்கள். வடக்கின் ராஜா ராப் ஸ்டார்க் சிறைபிடித்து வைத்திருந்த இரண்டு லானிஸ்டர் சிறுவர்களை, அவனுடைய பிரபு ரிக்கர்ட் கார்ஸ்டார்க்கே கொன்றுவிடுகிறான். ராப் நியாயவான். தன் கையாலேயே அவன் தலையை வெட்டுகிறான். முதல் தடவை பார்க்கும்போது நாம் கைதட்டுகிறோம். இரண்டாம் தடவை, கார்ஸ்டார்க்கின் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போவதைக் கவனிக்கிறோம். ஆள் குறைந்துபோனதால் ராப் திரும்பவும் வால்டர் ஃப்ரேயின் வாசலுக்கே போக வேண்டியிருக்கிறது. முதல் சீசனில் அந்தக் கிழவனின் பாலத்தைக் கடப்பதற்காகப் பெண் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, பிறகு மீறியவன் இவன். அப்புறம் கல்யாண விருந்தில் நடந்த படுகொலை எல்லாருக்கும் தெரியும். 1440இல் எடின்பரோ கோட்டையிலும் 1692இல் க்ளென்கோவிலும் நடந்த விருந்துத் துரோகங்களிலிருந்து ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எடுத்தது அது. ஆனால் என்னைக் கேட்டால் விருந்தைவிட அந்த மூட்டை கட்டுதல்தான் பயங்கரம்.

நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் கதையிலும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். மேற்கத்தி மறவர் பாளையங்களெல்லாம் அவர் பக்கம் நின்றபோது சிவகிரி மட்டும் வரவில்லை. எட்டையபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. 1761இல் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் கம்பெனிப் படைத் தளபதி யூசுப்கானிடம் விழுந்தன. யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பதில்தான் சரித்திரமும் சரி, இந்தத் தொடரும் சரி, ருசிக்கும்.

இனி பிழை பிடிக்கிற வேடிக்கை. இதில் எங்கள் ஊர்ப் பெண்களை மிஞ்ச ஆளில்லை. பீடித்தட்டை மடியில் வைத்து சீரியல் பார்ப்பார்கள். விரல் பாட்டுக்கு இலையைச் சுருட்டும், கண் திரையை விட்டு நகராது. "போன சீன்ல வேற கம்மல்லா போட்டிருந்தா" என்று ஒரு குரல் வரும். அதே கண்தான் 2019 மே மாதம் வின்டர்ஃபெல் விருந்து மேசையில் டெனேரிஸ் முன்னால் இருந்த மூடி போட்ட காபி கப்பைப் பிடித்தது. எட்டாம் சீசன், நாலாவது எபிசோட். ஹெச்பிஓ தவறை ஒத்துக்கொண்டு, ஓரிரு நாளில் அதைக் கணினியில் அழித்துவிட்டது. 2022இல் 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' மூன்றாவது எபிசோடில், விசெரிஸ் ராஜா இழந்த இரண்டு விரல்கள் பச்சை உறையோடு கடிதத்தைப் பிடித்திருந்தன. சிஜியில் அழிக்க மறந்த விரல்கள்.

கூட்டம் நிறைந்த மண்டபத்தை எடுக்கும்போது எல்லார் கண்ணும் முக்கிய நடிகரின் முகத்தில் இருக்கும். அதனால் பிழை தேட முகத்தை விட்டுவிட்டு மேசை ஓரம், கால்மாடு, பின்வரிசை ஆட்களின் கை என்று மேயுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். சோழர் காலப் படத்தில் மிளகாய் தொங்கினால் அது பிழை, அது போர்த்துகீசியரோடு வந்த சரக்கு. கற்பனை தேசத்தில் மக்காச்சோளம் விளைந்தால் பிழையில்லை, மார்ட்டின் நாவல்களிலேயே அது உண்டு. அந்த உலகம் தானே போட்டுக்கொண்ட விதியை மீறினால்தான் குற்றம்.

அந்த வகைக் குற்றத்துக்குக் கடைசி எபிசோடில் வரும் பிரபுக்கள் சபையைப் பாருங்கள். சாம்வெல் காலருகே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தது. உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது. அதே காட்சியில் பிரானை ராஜாவாக்குகிறார்கள். அவன் அக்கா சான்சா, வடக்கு இனி தனி ராஜ்யம் என்கிறாள், சரி என்றுவிடுகிறார்கள். இரும்புத் தீவுகளின் யாரா க்ரேஜாய் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். தனி ஆட்சி வேண்டுமென்று ஆறாம் சீசனிலேயே டெனேரிஸிடம் பேசி முடித்தவள். டோர்ன் இளவரசனும் இருக்கிறான். எங்களுக்கும் அதே வேண்டும் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எழுதியவர்கள் மறந்துபோன இதை எந்தக் கணினியாலும் அழிக்க முடியாது. பாட்டிலை நான் மன்னித்துவிட்டேன்.

இப்போதுதான் தொடங்குகிறவர்கள் நேராக 'ஹவுஸ் ஆஃப் த டிராகனு'க்கே போகலாம். முதல் எபிசோடில் ரெனிராவுக்கு முன் மண்டியிட்டுச் சத்தியம் செய்கிற பிரபுக்களைக் கவனித்து வையுங்கள். ஆலோசனை மேசையில் ஒவ்வொருவரும் தன் முன்னால் வைக்கிற உருண்டைக் கல்லையும் விடாதீர்கள். ஒன்பதாவது எபிசோடில் பொருளாளர் பீஸ்பரி என்கிற முதியவர் அந்தச் சத்தியத்தை ஞாபகப்படுத்துவார். அவருக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன ஆகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன்.