எக்ஸ்ட்ரோப்பிக் கோட்பாடுகளில் ‘தன்’ என்னும் சொல்

மேனாட்டில் இன்று பலராலும் பேசப்பெறும் மனிதங்கடந்த நெறிக்கு அப்பெயர் பரவக் காரணமாயிருந்தவர் உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி ஆவர். 1957-இல் வெளிவந்த கட்டுரையொன்றில், மனிதன் மனிதனாகவே நின்று, தன் இயல்பினுள் அடங்கிய புதிய ஆற்றல்களை வெளிப்படுத்தித் தன்னைத் தான் கடத்தல் என்னும் பொருளில் அவர் அச்சொல்லை ஆண்டார். ‘மனிதனாகவே நின்று’ என்னும் வரம்பைப் பின்வந்தோர் தளர்த்தினர். அவருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர், இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மாக்ஸ் மோர். ‘ஓ’கானர்’ என்னும் தம் குடிப்பெயரை நீக்கி, ‘மேலும்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டவர் அவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அவர் 1990 முதல் பன்முறை திருத்தி வெளியிட்ட ‘எக்ஸ்ட்ரோப்பிக் கோட்பாடுகள்’ என்னும் சிற்றறிக்கையே இக்கட்டுரைக்குப் பொருளாவது. ஒழுங்கு குலைதலின் அளவாகிய என்ட்ரோப்பிக்கு எதிர்ச்சொல்லாக 1988-இல் புனைந்துகொண்ட சொல் எக்ஸ்ட்ரோப்பி. பௌதிகப் பொருளில் அன்றி, அறிவும் ஒழுங்கும் உயிராற்றலும் பெருகுதலைக் குறிக்கும் உருவகமாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இவ்வறிக்கையின் பாடவேறுபாடுகள் நம் கருத்திற்கு உரியன. எல்லையில் விரிவு, தன்மாற்றம், ஊக்கமிகு நன்னம்பிக்கை, அறிவார்ந்த தொழில்நுட்பம், தானே அமையும் ஒழுங்கு என ஐந்து கோட்பாடுகள் தொண்ணூறுகளின் முற்பகுதியில் வழங்கின. ஐந்தன் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்ப்பின், ‘இவ்வாறு செய்தலே நன்று’ என்னும் கருத்துடையதொரு தொடர் பிறக்கும். மனப்பாடத்திற்கு ஏற்ற உத்தி எனினும், கோட்பாட்டின் தொகை அதனாற் கட்டுண்டதோ என ஐயுறவும் இடந்தருகின்றது. 1998-ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கட்டு அவிழ்ந்தது, ஐந்து ஏழாயின. ‘எல்லையில் விரிவு’ ‘இடையறா முன்னேற்றம்’ எனவும், ‘ஊக்கமிகு நன்னம்பிக்கை’ ‘செயல்சார் நன்னம்பிக்கை’ எனவும் அடங்கி ஒலித்தன. ஹயெக்கின் பொருளியலை நினைவூட்டிய ‘தானே அமையும் ஒழுங்கு’ நின்ற இடத்தில், பாப்பரை நினைவூட்டும் ‘திறந்த சமுதாயம்’ வந்து நின்றது. தன்னெறிப்பாடு, பகுத்தறிவுச் சிந்தனை என்னும் இரண்டும் புதியனவாகச் சேர்ந்தன. தன் கொள்கையே திருத்தத்திற்கு உரியது என அறிவித்து, அவ்வாறே திருத்தியும் காட்டிய அறிக்கைகள் உலகில் மிகச் சில. அவ்வகையில் இவ்வாசிரியர் பாராட்டிற்கு உரியவரே.

எனினும் எல்லாப் பதிப்பிலும் மாறாது நிற்பது ‘தன்மாற்றம்’ ஒன்று. 1998-இல் அதற்குத் துணையாகத் ‘தன்னெறிப்பாடு’ வந்தது. இரண்டிலும் நிற்கும் ‘தன்’ யாரைச் சுட்டுகின்றது? ஆங்கிலத்தில் அது சொன்முன் ஒட்டாய் நின்று, எழுவாயைத் தேடும் தேவையை மறைத்துவிடுகின்றது. தமிழிலோ ‘தான்’ முன்வந்த பெயரொன்றை அவாவி நிற்பது. அன்றியும், தொல்காப்பியர் அதனை விரவுப்பெயருள் வைத்தார். ‘தான் வந்தான்’, ‘தான் வந்தது’ என முடிக்குஞ்சொல் வரும்வரை திணை விளங்குவதில்லை. மொழிபெயர்ப்போன் இவ்விடத்தில் நின்று எண்ணாமற் கடத்தல் இயலாது. உடலும் உணர்வும் விருப்பும் நினைவும் மாற்றத்திற்கு உரியன எனின், மாற்றத்தை நெறிப்படுத்தும் ‘தன்’ எஞ்சியிருப்பது எங்கே?

இவ்வினாவை ஆசிரியர் அறியாதவர் அல்லர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் 1995-இல் அளித்த ஆய்வேடு, காலத்தினூடு தொடரும் ‘தான்’ பற்றியதே. ஒருவன் அவனாகவே நிற்றல் உளத்தொடர்ச்சியாலன்றிப் பிறிதொரு மாறாப் பொருளால் அன்று என்பது அவர் கொள்கை. டெரிக் பார்பிட் 1984-இல் வெளியிட்ட நூலின் வழிச் செல்வோர்க்கு அத்தொடர்ச்சி கூடியும் குறைந்தும் வருவது. அங்ஙனமாயின், தன்மாற்றம் எத்துணை முற்றுகின்றதோ அத்துணைக்கு அதனைத் தொடங்கியவனுக்கும் அதன் பயனை நுகர்வோனுக்கும் உள்ள தொடர்பு நெகிழும். கோட்பாடு வெற்றி பெறுந்தோறும் அதன் எழுவாய் தேய்கின்றது. ஆய்வேட்டில் எழுந்த இவ்விடுக்கண் அறிக்கையுள் இடம்பெறவில்லை. அறிக்கை சுருக்கமானது எனச் சமாதானம் கூறலாம். ஆயின் நன்னம்பிக்கைக்குத் தனிக்கோட்பாடு வகுக்க இடமிருந்த அறிக்கையில் இதற்கு ஒரு வரி இல்லாமை குறையே.

இது வெறுஞ்சொல்லாராய்ச்சி அன்று. இறந்தோர் உடலைப் பின்னர் மீட்கலாம் என்னும் எண்ணத்தோடு கடுங்குளிரிற் காக்கும் ஆல்கோர் நிறுவனம் அரிசோனாவில் உள்ளது. மோர் 2011 முதற் சில்லாண்டுகள் அதன் தலைமையை ஏற்றிருந்தார். அங்குச் சிலர்க்கு முழுவுடலும், சிலர்க்குத் தலை மட்டுமே காக்கப்படுகின்றன. ‘தன்’ என்பது எவ்வளவினது என்னும் வினாவிற்கு ஆண்டு ஒரு விடை செயலளவில் முடிவு செய்யப்பட்டுவிட்டது.

நம்மவர் சிலர் இந்நெறியைக் கண்டதும் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் வரும் காயசித்தி உபாயத்தை நினைவர். ஒப்புமை உண்டு, ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. திருமூலர் உடம்பினைப் பேணச் சொல்வது உடம்பின் வேறாகிய உயிரின்பொருட்டு. அக்கொள்கையை ஏற்பினும் மறுப்பினும், பேணுவோன் யார் என்னும் வினாவிற்கு அங்கே விடை உண்டு. மோர் உயிரென வேறொன்றைக் கொள்ளாதவர். ஆகலின் அவ்விடையைக் கடன் பெறுதல் அவர்க்கு இயலாது. காயசித்தியை முன்னோடி எனக் காட்டிப் பெருமை கொள்வோர் இவ்வேறுபாட்டை மறைத்தே அதனைச் செய்தல் கூடும்.

மோர் தோற்றுவித்த எக்ஸ்ட்ரோப்பிக் கழகம் 2006-இல் மூடப்பட்டது. கோட்பாடுகளோ பிறர் அறிக்கைகளிற் கலந்து இன்றும் வழங்குகின்றன. அவற்றைத் தமிழிற் பெயர்க்க முற்படுவோர் ‘தன்மாற்றம்’ என ஒரு தொகைச்சொல்லால் அமைந்துவிடாது, வேற்றுமை விரித்து, ‘தன்னைத் தான் மாற்றுதல்’ எனவே எழுதுதல் நலம். எழுவாய் இல்லாமை அப்போது கண்ணிற் படும்.