ஓருடல், பல உருவம்: புஷ்பமாலாவின் ஒளிப்படங்களில் பெண்ணழகின் ஒட்டுருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பெங்களூருக் கலைஞர் ந. புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய ‘தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்: நடையும் வழக்கமும்’ என்னும் படவரிசையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பெண்ணழகு என்பது துண்டுகளை ஒட்டிச் சேர்த்த கட்டமைப்பே என்பதை இவ்வரிசை வெளிப்படுத்துகிறது; எனினும் அதன் எல்லை தோடர் பெண் படத்தில் புலப்படுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஒட்டோவியம், பாதாதிகேசம், இரவிவர்மா, தோடர், உருவப்படம்

முன்னுரை

விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையத்தைக் கடப்போர்க்கு மஞ்சள் நீராட்டு விழாப் பதாகைகள் புதியன அல்ல. சிறுமியின் முகம், பிறிதோர் இடத்து அருவி, திரைப்படப் பாங்கிலான ஒப்பனை ஆகியன கணினியில் ஒட்டப்பட்டு ஓர் ‘அழகி’ உருவாகிறாள். ஒட்டுதல் நமக்கு அயல்மரபன்று. 1894இல் மும்பையில் தொடங்கப்பட்ட இரவிவர்மா அச்சகத்தின் தெய்வப் படங்களுக்குத் துணியும் சரிகையும் ஒட்டி அழகுசெய்யும் வழக்கம் செட்டிநாட்டு இல்லங்களில் இருந்தது.

இலக்கிய முன்மாதிரி

பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தல் முதல் அடி வரை வருணிக்கிறது. பாட்டியல் நூல்கள் பாதாதிகேசம், கேசாதிபாதம் ஆகியவற்றைத் தனிச் சிற்றிலக்கிய வகைகளாகவே வகுத்தன. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உவமை. உவமைகளின் தொகையே பெண். முழுமையான ஒரு முகம் அங்கு இல்லை. எனவே உறுப்புகளைப் பிரித்து மீளச் சேர்க்கும் முறை தமிழ்க் கவிதைக்கு முன்பே பழக்கமானது.

படங்களின் செயற்பாடு

புஷ்பமாலா கத்தரிக்கோலைப் பயன்படுத்தவில்லை; தம் உடலையே ஒட்டுகிறார். இரவிவர்மாவின் இலக்குமி, வேளாங்கண்ணி மாதா, பீஜப்பூர்ச் சிற்றோவியத்து யோகினி, சாட்டை ஏந்திய தமிழ்த் திரைநாயகி, நாளிதழில் வந்த குற்றவாளிப் பெண்கள் எனப் பத்து வகைமைகளில் ஒரே முகம் திரும்பத் தோன்றுகிறது. இலக்குமியின் தாமரையும் வரையப்பட்ட திரைச்சீலையும் செயற்கை என்பதை அவர் மறைப்பதில்லை. வழிபாட்டுக்குரியவளும் குற்றஞ்சாட்டப்பட்டவளும் ஒருத்தியே ஆகும்போது, அழகும் இழிவும் முகத்தில் இல்லை, சட்டகத்தில் உள்ளன என்பது தெளிவாகிறது. செருமானியக் கலைஞர் ஹன்னா ஹோக் 1920களில் ‘இனவியல் அருங்காட்சியகத்திலிருந்து’ என்னும் ஒட்டோவிய வரிசையில் பெண்ணுடலையும் அருங்காட்சியகச் சிலைகளையும் இணைத்தார். அங்கு வெட்டு கண்ணுக்குத் தெரியும். இங்கு அது படத்துக்கும் மூலத்துக்கும் இடையே உள்ளது.

எல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் எடுத்த உடலளவைப் படம் ஒன்றைத் தழுவியது தோடர் பெண் படம். இலக்குமிக்கும் திரைநாயகிக்கும் ‘மூலப்பெண்’ புனைவுரு. நீலகிரித் தோடர் பெண்ணோ உண்மையில் வாழ்ந்தவர், அளவுகோலுக்குமுன் நிறுத்தப்பட்டவர். அவரிடத்தில் நகரத்துக் கலைஞர் நிற்கும்போது அளக்கும் பார்வை பகடிக்குள்ளாகிறது. அளக்கப்பட்டவரோ மீண்டும் மறைகிறார். கலைஞர் ஆடையைக் களைந்து வெளியேறலாம். அவருக்கு அவ்வாய்ப்பு இருந்ததில்லை. பிற படங்களில் விடுதலையாக அமையும் வேடம் இங்குச் சலுகையாகிறது. பத்துப் படங்களையும் ஒரே தன்மையனவாகப் படிக்கும் திறனாய்வு இவ்வேறுபாட்டைத் தவறவிடும்.

முடிவுரை

பெண்ணழகு இயற்கையன்று, பார்வை மரபுகளின் ஒட்டுவேலை என்பதை இவ்வரிசை வலுவாக நிறுவுகிறது. ஆயின் ஒட்டப்பட்ட துண்டுகளுள் சில, பெயரிழந்த மனிதர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகப் படநிலையங்களின் பழைய உருவப்படங்களை எண்மமாக்கியுள்ளது. அத்தகைய தொகுப்புகளில் பெண்கள் தாமே விரும்பி எவ்வாறு அமர்ந்தனர் என்பதை ஆராய்வது, புஷ்பமாலா எழுப்பிய வினாவின் மறுபாதியை நிறைவுசெய்யும்.