நடையும் ஊருறவும்: சிலப்பதிகார மதுரையில் கோவலனும் கண்ணகியும்

முன்னுரை

நடத்தலை நகர வாசிப்பாகக் கொள்ளும் ஆய்வுப்போக்கு, பிரெஞ்சு அறிஞர் மிஷேல் தெ செர்த்தோவின் 1980ஆம் ஆண்டு நூலுக்குப் பின் வலுப்பெற்றது. உயரத்திலிருந்து காணும் நகரும் தெருவில் நடந்து அறியும் நகரும் வேறு என்பது அவர் கருத்து. மதுரையைப் பாடும் பழந்தமிழ் நூல்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 782 அடிகளாலான மதுரைக்காஞ்சி, நெடுஞ்செழியனை முன்னிறுத்தி அவன் நகராக மதுரையை விரிக்கிறது. சிலப்பதிகாரமோ புகாரிலிருந்து வந்த இருவரின் காலடிவழி அந்நகரைக் காட்டுகிறது. அந்நடைகள் ஊரோடு உறவை ஏற்படுத்தினவா என்பது இங்கு ஆராயப்படுகிறது.

கோவலன் நடை

ஊர்காண் காதையை நகர வருணனை என்ற அளவில் நிறுத்திப் படிப்பது போதாது. வாயில் காக்கும் யவனர் ஐயுறாதவாறு கோவலன் உள்ளே நுழைகிறான். கணிகையர் வீதி, மணி, பொன், துணி, கூலம் விற்கும் கடைத்தெருக்கள் ஆகியவற்றைக் கடந்து, கண்ட மகிழ்வோடு மதிலுக்கு வெளியே திரும்புகிறான். இந்நடையில் அவன் எவரோடும் உரையாடியதாகக் குறிப்பில்லை. மணியின் குற்றமும் குணமும், பொன்வகை காட்டும் கொடிகளும் வணிகக் குலத்தான் எளிதில் அறிபவை. அவன் வாசித்தது தனக்குத் தெரிந்த நகரை மட்டுமே.

கொலைக்களக் காதையில் சிலம்பு விற்கச் செல்லும்போது காளை ஒன்று எதிர்ப்படுகிறது. அது தீநிமித்தம் என்பதை அவன் அறியவில்லை; அவன் குலம் அறியும் செய்தியன்று அது எனக் காரணமும் தருகிறார் இளங்கோ. பொருள்களின் குறியை வாசித்தவனுக்கு அவ்விடத்து மக்களின் குறி புலப்படவில்லை. கொல்ல வந்தோர் அவன் தோற்றம் கண்டு தயங்கியதும் கருதத்தக்கது. அங்கே தோற்றத்தைக் கண்டவர் இருந்தனர்; ஆளை அறிந்தவர் இலர். ஐயுறப்படாமல் நடப்பது வேறு, ஊரினனாக ஏற்கப்படுவது வேறு.

கண்ணகி நடை

ஊர்சூழ் வரியில் கண்ணகி காண்பதற்காக நடக்கவில்லை, கேட்பதற்காக நடக்கிறாள். பெண்டிரும் சான்றோரும் தெய்வமும் இவ்வூரில் உண்டோ என்னும் அவள் வினா, வேடிக்கை பார்த்து நின்றோரைப் பொறுப்புடையோர் ஆக்குகிறது. மதுரை மக்கள் மன்னன் செங்கோல் வளைந்ததாகக் கலங்குகின்றனர்; கோவலன் உடலை அவளுக்குக் காட்டுகின்றனர். கோவலன் நடையில் காட்சியாக இருந்த மக்கள், இங்குப் பேசும் சமூகமாகின்றனர்.

எனினும் இதனை உறவின் வெற்றியாகக் கொள்ள இயலாது. அரசவையில் அவள் தன் ஊராகக் கூறுவது புகாரையே. கீழை வாயிலில் கணவனோடு புகுந்தவள், மேலை வாயிலில் தனியே வெளியேறுகிறாள்.

முடிவுரை

நடத்தல் தன்னளவில் ஊருறவை உண்டாக்குவதில்லை. அவ்வுறவு உள்ளதா இல்லையா என்பதை அது வெளிப்படுத்துகிறது. நடப்பவருக்காகச் சான்று கூற ஒருவரேனும் இருப்பதே உறவின் அளவுகோல் எனச் சிலப்பதிகாரம் உணர்த்துகிறது. அச்சான்று மதுரையில் கொலைக்குப் பின்னரே கிடைக்கிறது. பிழைப்பு நாடி நகருக்கு வருவோரைப் பற்றிய இலக்கியங்களை ஆராய்வோர், அவர்கள் எத்தெருக்களில் நடந்தனர் என்பதோடு, அத்தெருக்களில் அவர்களை அறிந்தோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.