நிரல் போடும் கலை

சென்னையின் ஈக்காட்டுத்தாங்கலை உரசிப் போகும் அடையாறு கோட்டூர்புரம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அந்தக் கோட்டூர்புரத்தில், 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் மென்பொருள் அலுவலகங்கள், கோட்டூர்புரம் பக்கம் புத்தக அடுக்குகள். இரண்டு தரப்பும் ஒரே அரங்கில் உட்காரும் நூலகத் தொழில்நுட்ப மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் போடுவது தனிக் கலை.

உரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மூரிலேயே முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் தம் நூலகவியலின் ஐந்து விதிகளை 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் முன்வைத்தார். புத்தகமாக வந்தது 1931-இல். மேடையில் நின்றது அச்சிலும் நின்றது. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது அதில் நான்காவது. நிரல் போடுகிறவர் ‘வாசகர்’ இருக்கும் இடத்தில் ‘கேட்பவர்’ என்று வைத்துக்கொண்டால் போதும்.

நல்ல நிரலில் ‘எண்ணிம யுகத்தில் நூலகங்கள்’ போன்ற தலைப்புக்கு இடமிருக்காது. ‘ன எங்கே போனது?’ என்றொரு தலைப்பு இருக்கும். யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால், கடைசி மெய்யான ன, ப-வை முந்திக்கொள்ளும், பட்டியல் குழம்பும். அடுத்த உரை, குடும்பப்பெயர் கேட்கும் மென்பொருளில் தலைப்பெழுத்து மட்டுமே உள்ள தமிழ் எழுத்தாளரை எப்படிப் பதிவது என்பது. முதலாவது மென்பொருள் எழுதுபவருக்கு வேலை வைக்கும், இரண்டாவது நூலகருக்கு. இப்படி மாற்றி மாற்றிக் கோப்பதில்தான் ருசி.

தேநீர் இடைவேளைக்கு முழுதாக அரைமணி ஒதுக்குபவரே தேர்ந்த அமைப்பாளர். மேடைக்கு முன் கூச்சப்படும் கிளை நூலகர், அங்கேதான் தன் உண்மையான கேள்வியைக் கேட்பார்.