வண்டியைப் பற்றி மட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடை முன்னால் பதினைந்து இருபது பழைய வண்டிகள் நிற்கும். ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட், எப்போதாவது ஒரு லாம்ப்ரெட்டா. சைலன்சர் சூடு ஆறுவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். பத்து வருடத்துக்கு மேலாக அந்த வட்டத்தில் நானும் நிற்கிறேன். அங்கே எழுதிவைக்காத விதி ஒன்று உண்டு: வண்டியைப் பற்றி மட்டும்தான் பேசவேண்டும். தேர்தல், சாதி, சாமி, நடிகர், எதுவும் கூடாது. யாராவது அந்தப் பக்கம் சாய்ந்தால் மூத்தவர் ஒருவர், "தம்பி, வண்டிக்கு வாங்க" என்பார். பேச்சு திரும்பிவிடும்.

இந்த விதியால் எங்களுக்குக் கிடைத்தது அதிகம். அதன் பேரால் நாங்கள் இழந்ததும் கொஞ்சமல்ல.

கிடைத்ததை முதலில் சொல்கிறேன். ஜாவாவிலும் யெஸ்டியிலும் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. லீவரை உள்பக்கம் அழுத்திப் பின்னால் தூக்கித் திருப்பினால் அது கிக்கர். இன்ஜின் பிடித்ததும் முன்னால் கொண்டுவந்தால் கியர். புதிதாக வண்டி வாங்கியவர் இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தான் தெரிந்துகொள்கிறார். அந்தக் காட்டலில் ஒரு வங்கி மேலாளரும் தண்ணீர் கேன் போடுகிறவரும் ஒரே இன்ஜின் பக்கம் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தவர் தண்ணீர் கேன்காரர். மேலாளர் அவரிடம் "அண்ணே, இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். அவர்கள் இருவரும் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்த உட்காருதல் நடந்திருக்காது. அறிமுகமான இரண்டாவது நிமிடத்திலேயே "சொந்த ஊர் எது" என்று கேட்டு ஆளை அளந்துவிடுகிற நாட்டில், அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட ஒரு விதி வேண்டியிருக்கிறது. அந்த அளவில் இது நல்ல விதி.

இன்னொரு காரணமும் உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை வண்டி செய்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா உரிமத்தோடு தொடங்கி, 1970களில் யெஸ்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தொழிற்சாலை மூடிய பிறகு பாகத்துக்கும் பழுதுக்கும் போய் நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று. 2018-இல் ஜாவா என்ற பெயர் மறுபடி வந்தது, ஆனால் அந்த வண்டி வேறு, இன்ஜின் வேறு. பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பற்றிய அறிவு இன்று மெக்கானிக்குகளின் விரல்களில்தான் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இக்னிஷன் பாயிண்ட் எப்போது தீய்கிறது, கிராங்க் ஆயில் சீல் போனால் வண்டி எப்படி ஓலமிடும் என்பதையெல்லாம் அவர்கள் நம்மோடு நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டால்தான் உண்டு. அந்த நேரத்தைத் தேர்தல் சண்டைக்குக் கொடுப்பது விதைநெல்லைச் சமைத்துத் தின்பதுபோல.

ஆனால் இந்த விதிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சண்டை வெளியிலிருந்து வருகிறது, வண்டியோடு நின்றால் ஒற்றுமை தானாக நிற்கும் என்ற நம்பிக்கை. நான் பார்த்தவரை அது தவறு. எங்கள் வட்டத்தில் உறவு முறிந்த சண்டைகளில் ஒன்றுகூட அரசியலால் வந்ததில்லை. எல்லாம் வண்டியால் வந்தவை.

ஒரு பையன் தன் தாத்தாவின் ஜாவாவை எடுத்துவந்தான். ரிம்முக்குக் கறுப்புப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தான். ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டாக்கி, பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தான். டேங்கின் மெரூன் சற்றுச் சிவந்திருந்தது. அவன் ஸ்டாண்டு போடுவதற்குள் ஒருவர், "இதுல ஜாவான்னு சொல்ல என்னப்பா மிச்சம் இருக்கு?" என்றார். இன்னொருவர் ரிம்மைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானும் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். மறுபடி வரவில்லை. அன்று பேசியதில் ஒரு சொல்கூட விதியை மீறவில்லை. எல்லாம் வண்டியைப் பற்றி மட்டுமே.

ஏன் இப்படி? கட்சி விஷயத்தில் எதிராள் வேறு மாதிரி நினைப்பார் என்று நமக்கு முன்பே தெரியும், அதனால் வாயை அடக்கிக்கொள்கிறோம். வண்டி விஷயத்தில் எல்லோரும் நம்மைப்போலத்தான் நினைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். போதாததற்கு, ஒவ்வொருவரின் பணமும் பொறுமையும் அந்த வண்டிக்குள் இருக்கின்றன. ஒரிஜினல் மட்கார்டுக்காகப் புதுப்பேட்டைக் கடைகளில் இரண்டு வருடம் அலைந்தவருக்கு, புதிதாகச் செய்த மட்கார்டை மாட்டிக்கொண்டு வருகிறவன் தன் அலைச்சலையே அவமதிப்பதுபோலத் தோன்றுகிறது. தலைப்பை விட்டு விலகாமல் நிற்பதும் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதும் இரண்டு வேறு பழக்கங்கள். முதலாவதைக் கற்றுக்கொண்டால் இரண்டாவதும் வந்துவிடும் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

பழைய வாகனச் சங்கங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா. 1966-இல் தொடங்கியது. அது டுரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. பளபளவென்று புதிதாக்குவதைவிட இருப்பதைக் காப்பது மேல் என்கிறது. ஒரு வண்டி ஓடிய காலத்தில் அதில் செய்யப்பட்ட மாற்றமும் அதன் வரலாற்றில் சேர்த்தி என்கிறது. புதிதாக எதையாவது மாற்றினால் அதைப் பதிந்துவைக்கச் சொல்கிறது. இந்தக் கண்ணோட்டம் எங்களிடம் இருந்திருந்தால் அந்தப் பையனிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு: "கழற்றின பாயிண்ட் பிளேட்டைப் பத்திரமா வச்சிருக்கியாப்பா?" அதில் குற்றச்சாட்டு இல்லை. வச்சிருக்கேன் என்று சொல்லியிருந்தால் அடுத்து அவன் தாத்தாவைப் பற்றிப் பேசியிருப்போம்.

இன்னொரு குறை, "அரசியல் வேண்டாம்" என்பதன் எல்லை எங்கே என்பது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி செய்தார்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. முன்பே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்கு 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அப்படிப்பட்ட வண்டியைச் சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட அனுமதி இல்லை. 1960களின் ஜாவாவைத் தினமும் கடைக்கு எடுத்துப்போகிற ஒருவர் எங்களில் இருந்தார். விண்டேஜ் ஆக்கலாமா, வழக்கம்போல ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்டார். பதினைந்து வருடம் கழிந்த வண்டிகளை என்ன செய்வது என்ற பெரிய கேள்விக்குப் பேச்சு தாவியது. உடனே, "அரசாங்கம் பத்திப் பேச்சு வேணாம், வண்டிக்கு வாங்க" என்று குரல் வந்தது. அவர் அடங்கிவிட்டார். ஒரு வண்டி நாளைக்குச் சாலையில் ஓடுமா ஓடாதா என்பதைவிட வண்டியைப் பற்றிய பேச்சு வேறென்ன இருக்கிறது? எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பது அரசியல், தவிர்க்கலாம். நம் ஆர்.சி. புத்தகத்தைத் தொடுகிற விதி அப்படிப்பட்டதல்ல. அன்று நான் எதிர்த்துப் பேசியிருக்கவேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் புகையும் இப்படித்தான். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிக்கிற இன்ஜின் அது. அந்த நீலப் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் டீக்கடையிலேயே இருக்கிறார்கள். ஆயில் அளவு சரிதானா, வண்டிகளை வரிசையாக ஸ்டார்ட் செய்து நிறுத்திவைக்கத்தான் வேண்டுமா என்று யாராவது கேட்டால், ரசனை இல்லாதவன் பேச்சாக அது தள்ளப்படுகிறது.

ஒருமுறை ஒரு பெண் தன் அப்பாவின் யெஸ்டியில் தனியாக வந்தார். "வண்டி யாரோடதும்மா?" என்று மூன்று பேர் அடுத்தடுத்துக் கேட்டார்கள். அதுவும் வண்டியைப் பற்றிய கேள்விதான்.

வாங்குவது விற்பது பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு துணைவிதியும் எங்களிடம் உண்டு. அதை மட்டும் ஆதரிக்கிறேன். கூட்டத்தில் விலை நுழைந்தால், கிராமத்தில் மாட்டுக்கொட்டகையில் நிற்கிற வண்டியைப் பற்றிச் சொல்லவே ஆட்கள் பயப்படுவார்கள். ஆனால் விலையை ஒரேயடியாக மூடிவைப்பதால் புதிதாக வருகிறவர் தரகரிடம் ஏமாறுகிறார். தனியாகக் கேட்டால் நேர்மையாகச் சொல்வது என்று இருந்தால் போதும்.

இதையெல்லாம் எழுதவைத்தது என் சொந்த வண்டி. 1980களின் யெஸ்டி ரோட்கிங். மதுராந்தகம் பக்கம் ஒரு பால்காரர் வீட்டில் வாங்கினேன். பின் சீட்டின் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டுவதற்கு இரும்புக் கொக்கி வெல்டிங் வைத்திருந்தார்கள். ஒரிஜினல் ஆக்கவேண்டும் என்று நான் செய்த முதல் வேலை அந்தக் கொக்கிகளைக் கிரைண்டரால் அறுத்து எறிந்தது. பட்டறையில் எல்லோரும் பாராட்டினார்கள். வண்டியைக் கொடுத்த பால்காரரின் மகனிடம் கார்புரேட்டர் பற்றிக் கேட்டேன், கிளட்ச் பற்றிக் கேட்டேன், அவருடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் பேசிப் பழகிய வாய்.

சென்னையில் செய்யப்படும் புல்லட்டின் டேங்கில் தங்கக் கோட்டைக் கையால் தூரிகை பிடித்து இழுக்கிறார்கள் என்பதை எங்கள் வட்டத்தில் பெருமையாகச் சொல்வோம். தொழிற்சாலைக்குள் பட்ட கைக்கு இருக்கிற மதிப்பு, இருபது வருடம் அந்தக் கொக்கியில் கேன் மாட்டிய கைக்கு ஏன் இல்லை என்று எனக்கு உறைக்க நாளாயிற்று.

சென்ற வருடம் அந்த ஊருக்கு மறுபடி போனேன். மகன் அடையாளம் கண்டுகொண்டார். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவர் அப்பா காலை நான்கு மணிக்கு வண்டியை வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்யமாட்டாராம்; தெருமுனை வரை தள்ளிப்போய்த்தான் உதைப்பாராம், பிள்ளைகள் தூக்கம் கெட்டுவிடும் என்று. வலது பக்கக் கொக்கி மட்டும் ஒருதரம் உடைந்து, ஏர்க்கலப்பை வேலை செய்கிற கொல்லர் அதை மறுபடி ஒட்டிக்கொடுத்தாராம். அந்தக் கொக்கிகளை அறுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், எத்தனை விரற்கடை நீளம், எந்த இடத்தில் வளைவு என்று வண்டிமேல் கையை வைத்துக் காட்டினார். சாக்பீஸால் குறித்துக்கொண்டேன்.