பாட்டி வீடும் நமது கதாசிரியர்களும்

பள்ளி விடுமுறை, பட்டணத்திலிருந்து வரும் பேரப்பிள்ளைகள், வாசலிலே வழிபார்த்து நிற்கும் தாத்தா பாட்டி ஆகிய இம்மூன்றும் சேர்ந்துவிட்டால் ஒரு சிறுகதை தயாராகிவிட்டதென்று நம் எழுத்தாளர்களில் அநேகர் கருதுகின்றனர். இவ்வகைக் கதைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அவற்றைப் படித்துக் கண்ணீர் உகுப்பார்க்கும் பஞ்சமில்லை. ஆயினும், அக்கதையில் வரும் பாட்டி யார், அவள் குடியிருக்கும் வீடு யாருடையது, பிள்ளைகள் தங்கிய பத்து நாளும் அவ்வீட்டு அடுப்பு எதைக்கொண்டு எரிந்தது என்று கேட்போமாயின், கதை வாய் திறவாது. இக்குறையையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பருவத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்து வளர்ந்த நம்மவர், அங்குள்ள கோடை விடுமுறையை அப்படியே கப்பலேற்றி இங்கே இறக்கிவிடுகின்றனர். சித்திரை வெயிலும், மாந்தோப்பும், வற்றிய ஆற்று மணலும் கதையில் வந்து நிற்கின்றன. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலையின் வளைவுகளைக் கடந்து, ஜெலுபு மாவட்டத்தின் தலைநகராகிய கோலா கிளாவாங்கில் வந்திறங்கும் பிள்ளைக்கு அந்தக் கோடை ஏது? நமது பள்ளிகளின் நீண்ட விடுமுறை நெடுங்காலம் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் வந்தது. மலைகளின் மறைவில் இருப்பதால் ஜெலுபு மழை குறைந்த வட்டாரமே. எனினும், ஆண்டிறுதி மழை அதனையும் விட்டுவிடுவதில்லை. மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டில்லாத நாளில் தோட்டத்துக் குடும்பத்தின் வரும்படி குறையும். ஆகவே, பேரப்பிள்ளைகள் வந்து சேரும் மாதமே வீட்டில் காசு சுருங்கும் மாதமாகவும் இருந்தது. இவ்வொரு செய்தியைக் கவனித்த எழுத்தாளனுக்கு, மாந்தோப்பை இரவல் வாங்கவேண்டிய அவசியமே இராது. ஸ்டோர் கடையில் கடன் சொல்லி வாங்கிய கோழி ஒன்றே ஒரு முழுக் கதைக்குப் போதுமானது.

இரண்டாவது, இப்பாட்டி எங்கிருந்து வந்தாள்? நம் பழைய இலக்கியத்தில் அவளுக்கு இடம் மிகச் சுருக்கம். அகத்திணையில் பேசுதற்குரியாரைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பாணன், விறலி என வரும் அவ்வரிசையில் பாட்டிக்கென்று ஓரிடமில்லை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் பெற்றோரின் மகிழ்ச்சியைப் பேசுகின்றதேயன்றிப் பாட்டன் பாட்டியின் மகிழ்ச்சியைத் தனியே எடுத்துக் கூறவில்லை. நாம் போற்றும் முதியவள் ஔவை ஒருத்தியே. அவளோ, மக்கள் வழங்கும் கதைகளின்படி, வீடும் பேரப்பிள்ளையும் இன்றி ஊர் ஊராகத் திரிந்தவள். இதனால், வீட்டிலிருக்கும் கிழவியை எழுத முற்படுவோர்க்கு முன்மாதிரி கிடைக்கவில்லை. அவ்விடத்தை அழுகையினால் நிரப்பிவிட்டனர்.

மலாயாவின் வரலாறோ இதனினும் கடுமையானது. கங்காணியோடு கப்பலேறி வந்தவர் பெரும்பாலும் வாலிபர். தாயும் தந்தையும் ஊரிலேயே நின்றுவிட்டனர். ஆதலால், தோட்டத்தில் பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளில் மிகப் பலர்க்குப் பாட்டி என்பவள் கடிதத்தில் வரும் ஒரு பெயராகவே இருந்தாள். 1938இல் உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்குக் குடிபெயர்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன ஆட்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் தாத்தாவாகும் வயதையே எட்டவில்லை. பின்னர், 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலைப் பெர்மிட் வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. இத்தனைக்கும் தப்பி, ஒரு லயத்து வீட்டில் பாட்டி ஒருத்தி இருந்து, அவளைத் தேடிப் பேரன் பேத்தி வருகின்றனர் என்றால், அது தானாக வாய்த்த காட்சியன்று. நம் சமூகம் மும்முறை இழந்து மீட்டுக்கொண்ட செல்வம் அது. இதனை உணராமல் எழுதப்படும் ‘பாட்டி வீடு’ வெறும் படத்தட்டியே.

மூன்றாவது, வீடு. கோலா கிளாவாங் நகரில் அடாட் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. நெகிரி செம்பிலான் மலாய் மக்கள் கைக்கொண்டுவரும் அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபில், குலத்துப் பூர்விக நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். அங்கே பாட்டி வீடு மெய்யாகவே பாட்டியின் வீடு. அதே பள்ளத்தாக்கில், சில கல் தொலைவில், தோட்டத்துப் பாட்டி வாழ்ந்த லயம் தோட்டத்தாருக்குச் சொந்தம். வேலை உள்ளவரை வீடு. வேலை ஓய்ந்தால் வீட்டுக்கு உறுதியில்லை. 1950களிலும் 1960களிலும் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டபோது, வேலையோடு குடியிருப்பையும் இழந்தோர் அநேகர். அதனைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரின் சிறு பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கச் செய்தார். இரு மரபுப் பாட்டிமாரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகின்றனர். ஒருத்தியின் பேத்தி தன் நிலத்துக்கு வருகிறாள். மற்றொருத்தியின் பேத்தி பிறர் கூரையின் கீழ் விருந்தாக வருகிறாள். இந்த வேறுபாட்டைவிடச் சிறந்த கதைப்பொருள் வேறு என்ன வேண்டும்?

இப்பொருளை நேர்நின்று நோக்கிய நூல் ஒன்று நம்மிடையே உண்டு. கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்து 2020இல் மறைந்த கே. எஸ். மணியம், 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவலே அது. கதை சொல்லும் ரவியின் பாட்டி பெரியாத்தாள், மூன்று ஆண்மக்களோடு இந்தியாவிலிருந்து வந்தவள். பிழைப்புக்குப் பல தொழில் செய்து ஒரு வீட்டை எழுப்புகிறாள். ஆனால் நிலத்துக்குப் பட்டா இல்லை. அந்நிலப் பசி அவள் மகனையும் பற்றி, இறுதியில் தான் கட்டிய வீட்டோடு அவனை எரித்துவிடுகின்றது. மணியம் பாட்டியைக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கவில்லை. அவள் எதை விற்றுப் பிழைத்தாள், எதனால் தோற்றாள் என்று கணக்குக் காட்டுகிறார். அவர்பால் நாம் காணும் குறையும் ஒன்றுண்டு. நூலின் தொடக்கத்தில் உயிரோடு நடமாடும் பெரியாத்தாள், போகப்போக நிலத்துக்கு ஓர் அடையாளமாகச் சுருங்கிவிடுகிறாள். மேலும், நாவல் ஆங்கிலத்தில் உள்ளது. பெரியாத்தாளை ஒத்த ஒரு தோட்டத்துக் கிழவி, தன் கதையைத் தானே படித்தறிய வழியில்லை.

நான்காவது, உழைப்பு. பேரப்பிள்ளை வந்தால் பாட்டி ‘பூரித்துப் போனாள்’ என்று ஒரு வரியில் முடிக்கும் எழுத்தாளரைக் கேட்கின்றோம்: எட்டுப் பேருக்குத் தோசைக்கு மாவரைத்தது யார்? அவ்வளவு துணியையும் துவைத்தது யார்? முப்பது ஆண்டு பால்வாளி சுமந்த தோளுக்கு ஓய்வு கொடுப்பதன்றோ விடுமுறை? பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் கிழவிக்கு வேலை வருகின்றது என்னும் உண்மையைச் சொல்வதால் அவள் அன்பு குறைந்துவிடாது. அதன் விலை நமக்கு விளங்கும். வள்ளுவர் மக்கட்பேற்றை ஏழாவது அதிகாரமாகவும் விருந்தோம்பலை ஒன்பதாவதாகவும் வைத்து, இடையில் அன்புடைமையை வைத்தார். அன்பு இருபுறமும் செல்லவேண்டும். வந்த பிள்ளைகள் விருந்தாளிகளாக அமர்ந்திராமல் மக்களாக மாறிக் குடத்தைக் கையில் எடுக்கும் காட்சியை நம் கதைகளில் ஏன் காணோம்?

கடைசியாக, மொழி. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேற்பட்டவையே உள்ளன. தோட்டங்கள் கலையக் கலையப் பள்ளிகளும் மூடப்பட்டன. பட்டணத்துப் பேரன் மலாயிலும் ஆங்கிலத்திலும் சிந்திக்கிறான். தாத்தாவிடமோ தமிழைத் தவிர வேறு வழியில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே பத்து நாளைக் கழித்துவிடுகின்றனர். அச்சிரிப்பை அன்பு என்று எழுதுவது எளிது. அதற்குப் பின்னுள்ள மௌனத்தை எழுதுவதே இலக்கியம்.

ஆகவே, நம் இளம் எழுத்தாளர்க்கு ஒன்று கூறுவோம். அடுத்த விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போகும்போது வர்ணனைகளைக் கொண்டுபோக வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அப்பாயி எந்த வயதில் முதன்முதல் பால் வெட்டினாள், எத்தனை தோட்டம் மாறினாள், யாரை எங்கே புதைத்தாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்றோர் பெரியாத்தாளின் கதையைப் படித்து, அதனைத் தமிழில் அவளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். கேட்டுவிட்டு அவள், “இது இப்படியில்லை, அப்பா” என்று திருத்துவாளாயின், அத்திருத்தமே நமக்கு இனி வேண்டிய இலக்கியத்தின் முதல் பக்கம். சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். கண்ணீர்க் கதைகள் காத்திருக்கலாம். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.