எழுத்தும் இல்லமும்

தலைநகரில் வாழும் தமிழருள் எழுத்தார்வம் உடையோர் நால்வர் ஓரிடத்தில் கூடினால் தவறாமல் எழும் பேச்சு ஒன்றுண்டு. 'இந்த உத்தியோகம் மட்டும் இல்லாதிருந்தால்...' என்று அது தொடங்கும். பெரும்பாலும் முடிவு பெறாமலே நிற்கும். காலையில் நெரிசல் மிகுந்த பேருந்து, பகல் முழுதும் கோப்புகள், மாலையில் காய்கறிப் பையுடன் வீடு திரும்புதல், பிள்ளைகளின் பாடம், ஊரிலிருந்து வரும் உறவினர் உபசாரம் ஆகிய இவற்றுக்கிடையே கதை எங்கே பிறக்கும், கவிதை எங்கே மலரும் என்பது அப்பேச்சின் உட்கிடை.

நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. மத்திய அரசு ஊழியர்க்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், எப்போதாவது மேற்கொள்ளும் இலக்கியப் பணிக்கு, அலுவல் கெடாத வரையில், முன் அனுமதி தேவையில்லை என்று இசைவு தருகின்றன. 'எப்போதாவது' என்னும் அச்சொல் நம் போன்றோரின் எழுத்து வாழ்வு முழுவதையும் சுருக்கிச் சொல்லிவிடுகிறது! ஆகவே, இருபதாண்டுப் பணி நிறைவுற்றோர் விருப்ப ஓய்வு பெறலாம் என்னும் விதியையும் நாம் ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். விண்ணப்பத்தின் வரைவு ஒன்றும் எழுதி வைத்தோம். இல்லத்தில் எவருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் மேசையைத் துடைக்கும்பொழுது அவ்வரைவு எம் இல்லாளின் கண்ணில் பட்டது. அவர் கடிந்து பேசவில்லை. "எழுத நேரம் வேண்டும் என்கிறீர்கள், வேண்டியதுதான். அந்த நேரத்தை யாரிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. விடை தேடி, எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த தமிழ்ப் படைப்பாளர் மூவரை மீண்டும் படித்தோம். அப்படிப்பின் பயனே இக்கட்டுரை.

முதலில் கு. ப. ராஜகோபாலனை நோக்குவோம். 1902-இல் பிறந்த அவர் பட்டம் பெற்றவர். தாலுகா அலுவலகத்தில் அரசு ஊழியராய் இருந்தவர். ஆகவே ஒருவகையில் நம் இனத்தவர். கண்ணில் புரை படர்ந்து பார்வை குன்றியதால் பணியை விட நேர்ந்தது. எழுத்தைத் தேடி அவர் வேலையை விடவில்லை. வேலை கைவிட்டபின் எழுத்தே கைப்பிடிக் கோலாயிற்று. பார்வை மங்கியிருந்த அந்நாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர்தம் தங்கை சேது அம்மாள். அவரே பின்னர் கு. ப. சேது அம்மாள் என்னும் பெயரில் சிறுகதையாசிரியராய் விளங்கினார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். தனிமனிதன் ஒருவனின் தவமாக நாம் கற்பித்துக்கொள்ளும் எழுத்துப்பணி, இங்கே ஒரு வீட்டின் கூட்டுத்தொழிலாக நடைபெற்றிருக்கிறது.

அதன் சுவடு கு.ப.ரா.வின் கதைகளில் இல்லையா? உண்டு என்பது நம் கருத்து. 'விடியுமா?' என்னும் கதையில், கணவன் நிலை கவலைக்கிடம் என்று தந்தி வந்த ஒரு பெண் இரவு முழுதும் புகைவண்டியில் பயணம் செய்கிறாள். புறத்தே நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. அவள் உள்ளத்தில் அச்சமும் நம்பிக்கையும் மாறிமாறி எழுவதே கதை. 'கனகாம்பரம்' கதையில் கணவன் இல்லாத வேளையில் வந்த அவனுடைய நண்பனிடம் மனைவி இயல்பாகப் பேசிவிடுகிறாள். அச்சிறு செயல் ஓர் இல்லத்தையே அசைத்துவிடுகிறது. பெண் உள்ளத்தின் நுண்மையை அறிந்தவர் கு.ப.ரா. என்று திறனாய்வாளர் பாராட்டுவர். அவ்வறிவு வானத்திலிருந்து இறங்கியதன்று. வீட்டிற்குள் இருந்து, வீட்டாரின் துணையால் எழுதிய ஒருவர்க்கு வீட்டின் குரல்கள் தெளிவாகக் கேட்டிருத்தல் இயல்பேயாம்.

இரண்டாமவர் புதுமைப்பித்தன். இவர் எழுத்தையே நம்பிச் சென்னைக்கு வந்தவர். இதழ்ப் பணியும் மொழிபெயர்ப்பும் அவர்க்குச் சோறிட்டன. 1943-இல் 'தினமணி'யை விட்டு விலகிய பின்னர்த் திரைப்படத் துறை அவரை ஈர்த்தது. தாமே 'பர்வதகுமாரி' என்னும் பெயரில் படக் கம்பெனி தொடங்கினார், அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் 'ராஜமுக்தி' படத்திற்கு வசனம் எழுதப் புனே சென்றார். காசநோயுடன் திரும்பி, 1948-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். கு.ப.ரா. மறைந்தது 1944-இல். இருவருக்கும் அப்பொழுது வயது 42. இவ்வரிகளை எழுதும் நாம் அவ்வயதைக் கடந்துவிட்டோம் என்பதை எண்ணும்பொழுது சற்றே நடுக்கம் உண்டாகிறது.

புதுமைப்பித்தன் சென்னையில் உழன்ற ஆண்டுகளில் அவர் மனைவி கமலா அம்மையார் நெடுங்காலம் திருவனந்தபுரத்தில் தம் பிறந்த வீட்டில் வாழ்ந்தார். அவர்க்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் நூலாக வெளிவந்துள்ளன. கதைகளில் கடவுளையே எள்ளி நகையாடிய அந்தப் பேனா, இக்கடிதங்களில் அனுப்ப வேண்டிய பணத்தைப் பற்றியும், அது தாமதமாவதைப் பற்றியும், மனைவியின் உடல்நலத்தைப் பற்றியும், விரைவில் சேர்ந்து வாழலாம் என்னும் நம்பிக்கையைப் பற்றியும் திரும்பத் திரும்பப் பேசுகிறது. மேதையின் கம்பீரத்தை மட்டும் அறிந்த வாசகர் இதைப் படித்துத் திகைப்பர். ஊரிலிருக்கும் மனைவிக்குப் பணவிடை அனுப்பிப் பழகிய நம் புலம்பெயர் தமிழர் திகைக்கமாட்டார்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

கடிதத்தில் உள்ள இக்கவலையைப் புதுமைப்பித்தன் கலையாகவும் ஆக்கியிருக்கிறார். 'ஒரு நாள் கழிந்தது' என்னும் கதையின் நாயகர் முருகதாசர் ஓர் எழுத்தாளர். அவர் வீட்டில் நெருக்கடி என்னவெனின் காப்பிப்பொடி. அவர் நண்பரிடம் கேட்கும் கடன் மூன்று ரூபாய். எழுத்தாளனைத் தியாகியாகவோ தெய்வப் பிறவியாகவோ காட்டும் சொல் ஒன்றுகூட அக்கதையில் இல்லை. மனைவி கணக்குக் கேட்கிறாள். குழந்தை அலமு தன் போக்கில் ஓடுகிறது. அன்றைய பொழுது ஒருவாறு கழிகிறது. அடுத்த கவலை அடுத்த நாளுக்குத் தள்ளப்படுகிறது. எழுத்தாளன் தன்னையே நகைத்துக்கொள்ளும் இடமும் இதுதான், தன் வீட்டாரைக் குற்றம் சொல்லாமல் விடும் இடமும் இதுதான்.

'செல்லம்மாள்' கதையை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். துணிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவிக்குத் தாமே சமைத்து, மருந்து கொடுத்து, பணிவிடை செய்கிறார். வறுமையும் நோயும் சூழ்ந்த அவ்வீட்டில் மரணமும் ஓசையின்றி வருகிறது. வாழ்க்கையில் மனைவியை விட்டு நெடுந்தொலைவில் இருந்த ஆசிரியர், கதையில் ஒரு கணவனை நோயாளி மனைவியின் அருகே உட்கார வைத்திருக்கிறார். இதைக் கொண்டு ஆசிரியரின் மனத்தை அளந்துவிட்டோம் என்று சொல்லுதல் மிகையாகும். ஆயினும் இழந்த அண்மையின் ஏக்கம் அக்கதையின் அடியில் ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கமலா அம்மையாரும் சிறுகதைகள் எழுதியவர். புதுமைப்பித்தனின் வறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம் திறனாய்வு, அவ்வம்மையார்க்கு எழுத எவ்வளவு நேரம் கிடைத்தது என்று கேட்டதுண்டா? எம் இல்லாளின் கேள்வி இங்கே வந்து நிற்கிறது.

மூன்றாமவர் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அவர் 1966-இல் அப்பணியை விட்டார். அதன்பின் 2017-இல் மறையும் வரை எழுத்தே அவர்க்குத் தொழில். தில்லித் தமிழர்க்கு அவர் அயலாரல்லர்; 1965-இல் இத்தலைநகரில் தோன்றிய 'கணையாழி'யின் ஆசிரியப் பொறுப்பைச் சென்னையிலிருந்தவாறே பல்லாண்டு சுமந்தவர். வீட்டில் இடம் போதாமல் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதினார் என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. அதைக் கேட்டுப் பலர் உருகுவர். உருகுவதைவிட அவருடைய 'தண்ணீர்' நாவலைப் படிப்பது பயன் தரும்.

1973-இல் நூலாக வெளிவந்த அந்நாவலில் சென்னையின் ஒரு தெருவில் தண்ணீர் வரவில்லை. குடங்களைத் தூக்கிக்கொண்டு அலைவோர் பெண்கள். ஜமுனா, சாயா என்னும் சகோதரியர். வெளியே பள்ளியில் பாடமும், வீட்டில் நோயாளிக் கணவனுக்கும் மாமியாருக்கும் பணிவிடையும் செய்யும் டீச்சரம்மா. பெருந்தத்துவம் எதுவும் உரத்துச் சொல்லப்படவில்லை. ஒரு குடத் தண்ணீர் ஒரு வீட்டிற்குள் எப்படி வந்து சேர்கிறது, யாருடைய இடுப்பில் வந்து சேர்கிறது என்பதை ஆசிரியர் பார்த்திருக்கிறார். காலையில் அலுவலகத்திற்கு ஓடி இரவில் திரும்பும் நமக்கு வீட்டின் குடம் நிறைந்தே தெரிகிறது. அது நிரம்பும் வேளையில் நாம் வீட்டில் இருப்பதில்லை, இருந்தாலும் பார்ப்பதில்லை.

வேலையை விட்டால்தான் இலக்கியம் கைகூடும் என்பது இதன் முடிவாகாது. தி. ஜானகிராமன் வானொலியில் பணியாற்றியவர். இத்தில்லியில் அலுவலும் எழுத்துமாக வாழ்ந்தவர். லா. ச. ராமாமிர்தம் வங்கி ஊழியர். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில் பணிபுரிந்துகொண்டே இந்நகரத்து நடுத்தர வர்க்க இளைஞரின் உள்ளத்தைத் திறந்து காட்டினார். உத்தியோகம் இவர்களுடைய எழுத்தை விழுங்கிவிடவில்லை. மறுபுறம், முழுநேர எழுத்தாளர்க்கு நேரம் மிகுந்து கிடந்தது என்பதும் மயக்கமே. மொழிபெயர்ப்பு, விமர்சனம், வசனம் என்று கூலிக்கு எழுதியவை போக எஞ்சிய பொழுதில்தான் அவர்கள் தமக்காக எழுதினார்கள். அவர்களுக்கும் 'எப்போதாவது'தான்!

எனவே வேறுபாடு உத்தியோகத்தில் இல்லை. நாம் கண்ட மூவரிடமும் பொதுவாக உள்ள ஒன்று, தம் எழுத்துக்குப் பின்னே நின்ற வீட்டை அவர்கள் கண்திறந்து பார்த்தார்கள் என்பதே. காப்பிப்பொடியும், நோயாளியின் கஞ்சியும், தண்ணீர்க் குடமும் அவர்களுக்கு எழுத்தைக் கெடுக்க வந்த இடையூறுகளாகத் தோன்றவில்லை. எழுதத் தக்க பொருளாகவே தோன்றின. வீட்டைத் தடையென்று கருதி ஒதுக்கியவன் எழுதும் கதையில் மனிதர் நடமாடுவதில்லை, கருத்துகளே நடமாடும். நம் பழைய கையெழுத்துப் படிகளை எடுத்துப் பார்த்தபொழுது இவ்வுண்மை நம்மைச் சுட்டது. அவற்றில் புரட்சி இருந்தது, தனிமை இருந்தது. ஒரு வீட்டில் அடுப்பு எப்பொழுது அணைந்தது என்பது மட்டும் இல்லை.

ஆனால் பார்த்து எழுதிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. கமலா அம்மையாரின் தனிமையை எந்தக் கதையின் மேன்மையும் ஈடுசெய்துவிட்டதாக நாம் சொல்லத் துணியோம். எழுத்தாளனின் வறுமையை மலர்தூவி வணங்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வறுமையில் பங்கு கொண்டவர் பெயரை நினைவு மலர்களில் தேடினால், 'குடும்பத்தினர்' என்னும் ஒற்றைச் சொல்லில் அது அடங்கிக் கிடக்கும். கணக்குத் துறையில் காலம் கழிக்கும் நமக்கு இது சரியான ஏடாகப் படவில்லை. வரவு ஒருவர் பெயரிலும் செலவு பெயரின்றியும் எழுதப்பட்ட கணக்கைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். இலக்கியத் தணிக்கையாளராகிய திறனாய்வாளர் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? ஒரு படைப்பாளியின் வரலாற்றை எழுதுவோர், படியெடுத்தவர் யார், பட்டினி பொறுத்தவர் யார், தம் எழுத்தை நிறுத்திக்கொண்டவர் யார் என்பவற்றையும் எழுதுதல் வேண்டும். அது படைப்பாளியின் புகழைக் குறைக்காது; அவனை மனிதரோடு சேர்த்து நிறுத்தும்.

எம் விண்ணப்பம் என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்கலாம். அது இன்னும் இழுப்பறையில் கையெழுத்தின்றியே கிடக்கிறது. அதற்குப் பதிலாக வேறோர் ஒப்பந்தம் எம் இல்லத்தில் ஏற்பட்டுள்ளது. விடியற்காலை ஒன்றரை மணி நேரம் எமக்கு. அப்பொழுது கதவைத் தட்டுவார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடுக்களை எம் பொறுப்பு. அன்று பகற்பொழுது முழுதும் இல்லாளுக்கு உரியது. அதை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று நாம் கேட்பதில்லை. இதுகாறும் எம் கதைகளைத் தட்டச்சு செய்து பிழை திருத்தித் தந்தவர் அவரே. எந்தக் கதையின் கீழும் அவர் பெயர் வந்ததில்லை. இக்கட்டுரையை மட்டும் நாமே தட்டச்சு செய்தோம். ஆகவே இதில் காணும் பிழைகள் யாவும் எம்முடையனவே என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

சங்கத்து அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே எழுதுவோர் பலர் உளர். அவர்தம் இல்லங்களில் எழுதக்கூடியவர் அவரினும் பலர் இருத்தல் கூடும். அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு வீடு தேடி வரும்பொழுது, கதவைத் திறப்பவரிடமும் ஒரு கட்டுரை கேளுங்கள்.